கண்ணில் பட்டால் போதாது: பொதுமக்களுக்கான தகவல் வரைபடங்களும் ஆஸ்திரேலிய அனுபவமும்

கோடைக்காலத்தில் சிட்னியிலிருந்து ப்ளூ மவுண்டன்ஸுக்கோ மெல்பர்னிலிருந்து டாண்டினாங் மலைத்தொடருக்கோ காரில் போகிறவர்கள் சாலையோரத்தில் பெரிய அரைவட்டப் பலகை ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று நான்கு பட்டைகள். இன்று காட்டுத்தீ அபாயம் எந்த நிலையில் இருக்கிறது என்று சுட்டும் ஒரு முள். ஓடும் காரிலிருந்து அதைப் படிக்கச் சில வினாடிகளே கிடைக்கும். வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், காய்ந்த செடிகொடிகளின் நிலை என்று எத்தனையோ கணக்குகள் அந்த முள்ளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஓட்டுநருக்கு வேண்டியதோ ஒன்றுதான்: இன்று மலைக்குப் போகலாமா, திரும்பிவிட வேண்டுமா?

தரவைப் படமாக்கிப் பொதுமக்கள் முன் வைப்பதை இன்ஃபோகிராஃபிக் என்கிறோம். தமிழில் தகவல் வரைபடம். அரசுத் துறைகள், மருத்துவமனைகள், பத்திரிகைகள், தொண்டு அமைப்புகள் என்று எல்லோரும் இன்று அதை வெளியிடுகிறார்கள். அவற்றுள் எது பயன்படுகிறது, எது பயன்படாமல் போகிறது, ஏன்? இந்தக் கேள்வியை ஆஸ்திரேலியாவின், குறிப்பாக சிட்னி, மெல்பர்ன் நகரங்களின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை. காட்டுத்தீ, வெள்ளம், பெருந்தொற்று, மகரந்தம் என்று அடுத்தடுத்து ஆபத்துகளைச் சந்தித்த நாடு இது. பல மொழி பேசும் மக்களுக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை சொல்ல வேண்டிய நாடும்கூட. இங்கே நடந்த வெற்றி தோல்விகள் எல்லாம் ஒரே முடிவை நோக்கியே போகின்றன. நல்ல தகவல் வரைபடம், படிப்பவர் அடுத்து எடுக்க வேண்டிய முடிவிலிருந்து பிறக்கிறது. கையில் இருக்கும் தரவிலிருந்து தொடங்கிய வரைபடம் பெரும்பாலும் வழியிலேயே வாசகரை இழந்துவிடுகிறது.

முன்னோடிகள் விட்டுச்சென்றது

எண்களை வரைந்து காட்டும் கலைக்கு ஏறத்தாழ 240 வயதாகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ப்ளேஃபேர் 1786-இல் கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் வணிகக் கணக்குகளுக்குப் பயன்படுத்தினார். லண்டனில் 1854-இல் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்து, ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் காட்டினார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்ட வரைபடம், போர்க்களக் காயத்தைவிட மருத்துவமனைச் சுகாதாரக்கேடே பிரிட்டிஷ் சிப்பாய்களை அதிகம் கொன்றது என்று ஆட்சியாளர்களை நம்ப வைத்தது. மூவரும் யாரோ ஒருவர் ஒரு முடிவை எடுக்க வேண்டும் என்பதற்காகவே வரைந்தார்கள்.

பொதுமக்களுக்கென்றே ஒரு பட மொழியை உருவாக்கியவர் வியன்னாவின் ஓட்டோ நாய்ராத். அவரும் மரீ நாய்ராத்தும் ஓவியர் கெர்ட் அர்ன்ட்ஸும் சேர்ந்து 1920-களில் வளர்த்த ஐசோடைப் முறையின் அடிப்படை விதி எளிமையானது: எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு.

இந்த விதி ஏன் முக்கியம் என்பதை நம் சொந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 73 ஆயிரம் பேர். 2021-இல் 95 ஆயிரத்துக்கும் மேல். வளர்ச்சி சுமார் 30 சதவீதம். இதைக் காட்ட ஒரு மனித உருவத்தை வரைந்து, பக்கத்திலேயே அதைவிட 30 சதவீதம் உயரமான இன்னொன்றை வரைந்தால், உயரத்தோடு அகலமும் கூடும். இரண்டாவது உருவம் பிடிக்கும் பரப்பு சுமார் 70 சதவீதம் அதிகமாகிவிடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். எண் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லும். மாறாக, ஓர் உருவத்துக்கு 10 ஆயிரம் பேர் என்று வைத்து மேல் வரிசையில் ஏழேகால் உருவமும் கீழ் வரிசையில் ஒன்பதரை உருவமும் நிறுத்தினால் உண்மை அப்படியே நிற்கும்.

இந்த அனுபவ அறிவுக்கு 1984-இல் வில்லியம் க்ளீவ்லாந்தும் ராபர்ட் மக்கில்லும் சோதனை வழியாக ஆதாரம் சேர்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடங்களையும் நீளங்களையும் மனிதக் கண் நன்றாக ஒப்பிடுகிறது. கோணத்தை ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. பரப்பிலும் நிற அடர்த்தியிலும் இன்னும் அதிகமாகத் தவறுகிறது. பட்டை வரைபடம் சலிப்பூட்டினாலும் பொதுமக்களுக்கு ஏற்றது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆறு நிலைகள் நான்கானது

சாலையோரப் பலகைக்கு வருவோம். அதன் வேர் 1960-களில் இருக்கிறது. ஆலன் மக்ஆர்தர் என்ற வனவியல் அறிஞர் காட்டுத்தீ அபாயத்தை எண்ணாக மாற்றும் குறியீட்டை உருவாக்கினார். விக்டோரியா மாநிலத்தில் 71 பேரைப் பலிகொண்ட 1939 ஜனவரி 13-இன் கருப்பு வெள்ளிக்கிழமைத் தீயே அந்த அளவுகோலில் 100 என்ற உச்சம். அதைவிட மோசமான நாளை யாரும் கற்பனை செய்திருக்கவில்லை.

2009 பிப்ரவரி 7-இல் அப்படி ஒரு நாள் வந்தது. மெல்பர்னுக்கு வெளியே பற்றிய தீயில் 173 பேர் இறந்தார்கள். பல இடங்களில் குறியீடு 100-ஐத் தாண்டி எங்கோ போயிருந்தது. மக்களுக்குக் காட்டப்பட்ட படிநிலையிலோ உச்சிப் படிக்கு மேல் வேறு படி இல்லை. சாதாரணமான ஒரு மோசமான நாளுக்கும் உயிர்தப்ப முடியாத ஒரு நாளுக்கும் பலகையில் வேறுபாடு தெரியவில்லை. அதன் பிறகு ஒரு புதிய உச்ச நிலை சேர்க்கப்பட்டது. விக்டோரியா அதற்குக் ‘கோட் ரெட்’ என்று பெயரிட்டது. மொத்தம் ஆறு நிலைகள்.

குறை நீங்கிவிட்டதா? இல்லை. ஆறு நிலைகளில் ‘ஹை’, ‘வெரி ஹை’, ‘சிவியர்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று சொற்கள் வரிசையாக ஏறின. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் தான் செய்ய வேண்டியது என்ன மாறுகிறது என்று கேட்டால் குடிமக்களால் சொல்ல முடியவில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் ஒரே முறை வந்தது. மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கட்டஸ்ட்ராஃபிக் என்று நான்கே நிலைகள். ஒவ்வொன்றோடும் ஒரு கட்டளை ஒட்டியிருக்கிறது. முதல் நிலைக்குத் திட்டமிட்டுத் தயாராகுங்கள்; இரண்டாவதற்குச் செயல்பட ஆயத்தமாக இருங்கள்; மூன்றாவதற்கு உயிரையும் உடைமையையும் காக்க இப்போதே இறங்குங்கள்; நான்காவதற்கு உயிர் பிழைக்க வேண்டுமானால் தீ அபாயப் பகுதியை விட்டு வெளியேறுங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலைகள் குறைந்த அதே வேளையில் பின்னாலிருக்கும் அறிவியல் சிக்கலாகியது. பழைய முறை காடு, புல்வெளி என்ற இரண்டு வகைத் தாவரங்களையே கணக்கில் கொண்டது; புதிய முறை எட்டு வகைகளைக் கணக்கிடுகிறது. மக்கள் முன் எளிமை வேண்டுமானால் அறிவியலை மழுங்கடிக்க வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கணக்கின் சுமையை நிபுணர் சுமக்க வேண்டும். குடிமகனுக்கு முடிவு மட்டும் போய்ச் சேர வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. துறைமுகத்தில் ‘5-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எண் கூடக்கூட ஆபத்து கூடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கம் கரை கடக்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. 8, 9, 10 என்ற பெரும் அபாயக் கூண்டுகளும் அப்படியே. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல் தலைவருக்கு இவை துல்லியமான தகவல்கள். குப்பத்தில் இருப்பவருக்கோ பயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. ஒருவருக்காகச் செய்த குறியீட்டை இன்னொருவர் கையில் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

இது எனக்கா என்ற கேள்வி

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை மாலை. வெயில் கொளுத்திய மெல்பர்ன் மேல் இடியுடன் கூடிய புயல் காற்று அடித்தது. அடுத்த சில மணி நேரங்களில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். ஆம்புலன்ஸ் சேவை திணறியது. பத்துப் பேர் இறந்தார்கள். வசந்த காலத்தில் ரைகிராஸ் புல்லின் மகரந்தம் காற்றில் நிறைந்திருக்கும். புயலின் ஈரத்தில் மகரந்தத் துகள்கள் உடைந்து நுண்ணிய பொடியாகி, கீழிறங்கும் காற்றோடு நுரையீரலின் ஆழம் வரை போய்விடுகின்றன. இடிமழை ஆஸ்துமா என்று இதற்குப் பெயர்.

மறு ஆண்டே விக்டோரியா அரசு முன்னறிவிப்பு வரைபடம் ஒன்றைத் தொடங்கியது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் இறுதி வரை, மாநிலத்தின் வானிலை மாவட்டங்கள் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்ற மூன்று நிறங்களில் ஒன்றைப் பெறும். புல் மகரந்தத்தின் அளவையும் கடும் காற்றோடு கூடிய இடிமழை வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிடும் படம் அது. வடிவமைப்பில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்? 2016-இல் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா இருப்பதாக யாரும் சொன்னதில்லை. வசந்தத்தில் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்பும் மட்டுமே இருந்தவர்கள் அவர்கள். இந்திய, இலங்கை வம்சாவளியினர் அந்த எண்ணிக்கையில் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதியாக இருந்தார்கள் என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஊரிலிருந்து வரும்போது ஒவ்வாமையே இல்லாதவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து அது தொடங்குவது இங்கே சகஜம். ‘ஆஸ்துமா அபாயம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் டார்னீட்டிலோ கிளேட்டனிலோ வசிக்கும் ஒரு தமிழர் ‘எனக்குத்தான் ஆஸ்துமா இல்லையே’ என்று கடந்துபோய்விட்டால், வரைபடம் துல்லியமாக இருந்தும் தோற்றுவிட்டது.

ஆகவே இத்தகைய படத்தின் முதல் வரி மாவட்டத்தின் பெயரும் நிறமும் மட்டுமாக இருக்கக் கூடாது. ‘செப்டம்பருக்குப் பிறகு தும்மலும் மூக்கடைப்பும் வருகிறதா? இது உங்களுக்கு’ என்று ஆளைக் கூப்பிட வேண்டும். அதன் பிறகு நிறம். அதன் பிறகு செயல்: புயல் வருவதற்கு முன் வீட்டுக்குள் போங்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், நிவாரண இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள், மூச்சு விட முடியாவிட்டால் 000-ஐ அழையுங்கள். பொதுச் சுகாதார வரைபடங்களில் மிக அடிக்கடி விடுபடுவது இந்த அழைப்புதான்.

நிகழ்தகவை வரைவது

எண்ணிக்கையை வரைவதைவிட வாய்ப்பை வரைவது கடினம். சிட்னியின் வடமேற்கில் உள்ள ஹாக்ஸ்பரி–நேப்பியன் பள்ளத்தாக்கு 2021 மார்ச், 2022 மார்ச், 2022 ஜூலை என்று பதினாறு மாதங்களுக்குள் மூன்று பெருவெள்ளங்களைக் கண்டது. ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்ற பழக்கப்பட்ட தொடர் எவ்வளவு தவறாக வழிநடத்துகிறது என்பதை அங்கிருந்தவர்கள் அனுபவத்தில் உணர்ந்தார்கள். சென்னையும் இதை அறியும். 2015 டிசம்பர் மழையை நூறாண்டு காணாத மழை என்றார்கள். எட்டே ஆண்டுகளில் மிக்ஜாம் புயல் வந்து அதே தெருக்களை மூழ்கடித்தது.

நூறாண்டு வெள்ளம் என்பதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே. அதை இப்படிச் சொன்னாலும் சாதாரண மனிதருக்கு அது சொற்பமாகத்தான் தோன்றும். கால அளவை அவருடைய முடிவோடு பொருத்திப் பாருங்கள். 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கப் போகிறவரிடம், கடனை அடைப்பதற்குள் வெள்ளம் ஒருமுறையாவது வீட்டுக்குள் வர 26 சதவீத வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். நான்கு வீடுகளை வரைந்து ஒன்றை மட்டும் நீலத்தில் மூழ்கடித்தால் அவர் உடனே புரிந்துகொள்வார். 80 ஆண்டு வாழ்நாளுக்கு அதே கணக்கு 55 சதவீதத்தைத் தாண்டுகிறது. கணிதம் மாறவில்லை, கேள்வி கேட்பவரின் வாழ்க்கைக்கு ஏற்பக் காலம் மட்டும் மாறியிருக்கிறது.

இதே திறமையோடு செய்யப்பட்ட ஒரு படம் 2021 ஜூனில் வந்தது. ஆஸ்ட்ராஸெனெகா கொரோனா தடுப்பூசியால் அரிதாக ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்று தெரிந்ததும் மக்கள் தயங்கினார்கள். தடுப்பூசி தொடர்பான தேசிய ஆலோசனைக் குழுவான அட்டாகியின் பரிந்துரையோடு ஒட்டி வெளியான ஆவணம், தடுப்பூசியால் வரும் ஆபத்தையும் அது தடுக்கும் மரணங்களையும் வயது வாரியாகப் பக்கம் பக்கமாக வைத்தது. எல்லாமே லட்சம் பேருக்கு எத்தனை என்ற ஒரே அளவில். நோய் குறைவாகப் பரவும் நிலை, 2020-இன் விக்டோரியா அலை போன்ற நடுத்தர நிலை, ஐரோப்பா போன்ற உச்ச நிலை என்று மூன்று காட்சிகள்.

அந்த மூன்று காட்சிகளுக்கான தேவை சில வாரங்களிலேயே வந்தது. சிட்னியில் கொரோனாவின் டெல்டா வகை பரவியது. ஜூலை 24 அன்று, பெருநகர சிட்னியில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கிடைக்கும் எந்தத் தடுப்பூசியையும் போட்டுக்கொள்வதைத் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அதே குழு அறிவித்தது. ஆலோசனை மாறியதைப் பலர் தடுமாற்றம் என்று எண்ணினார்கள். படத்தைப் பார்த்தவருக்கோ விஷயம் விளங்கியிருக்கும்: தடுப்பூசி மாறவில்லை, சூழ்நிலைதான் மாறியது. நிச்சயமின்மையை மறைக்காமல் வரைந்தால் பின்னால் நம்பிக்கை உடையாது.

நிறம், அடுக்கு, பார்க்க முடியாதவர்கள்

நிறம் சக்தி வாய்ந்தது, அதனாலேயே ஆபத்தானதும். 2013 ஜனவரியின் கடும் வெப்பத்தில் ஆஸ்திரேலிய வானிலை மையம் தன் வெப்ப வரைபடத்தில் 50 முதல் 54 டிகிரி வரை காட்ட ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களைப் புதிதாகச் சேர்த்தது. அந்த இரண்டு நிறங்களே உலகச் செய்தியாயின. ஆனால் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். ஆகவே நிறம் சொல்வதை ஒரு சொல்லோ வடிவமோ இடமோ சேர்ந்து சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய எச்சரிக்கை முறையின் முக்கோணங்கள் அப்படித்தான் செய்கின்றன: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறத்தோடு நிலையின் பெயரும், உள்ளே ஆபத்தின் சின்னமும்.

மின்சாதனங்களில் ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டு இன்னொரு பாடம். 1986-இல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தொடங்கிய முறை அது. மேலே நட்சத்திரங்கள், கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண். நட்சத்திரம் சாதனத்தின் அளவோடு ஒப்பிட்டுத் தரப்படுவதால், அதிக நட்சத்திரம் பெற்ற பெரிய டிவி, குறைந்த நட்சத்திரம் பெற்ற சிறிய டிவியைவிட அதிக மின்சாரம் தின்னக்கூடும். அவசரத்தில் இருப்பவருக்கு நட்சத்திரம். நின்று யோசிப்பவருக்கு எண். இப்படி அடுக்கிவைப்பதே சரி. அந்த எண் மட்டும் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது.

படத்தைப் பார்க்கவே முடியாதவர்களை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி உலகுக்கே முன்னுதாரணம். பார்வையற்றவரான ப்ரூஸ் மக்வையர், 2000 சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தின் படங்களுக்கு எழுத்து விளக்கம் இல்லாததால் தம்மால் அதைப் பயன்படுத்த முடியவில்லை என்று முறையிட்டார். 1992-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் மனித உரிமை ஆணையம் 2000 ஆகஸ்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தளம் முழுமையாகச் சரிசெய்யப்படாததால் 20 ஆயிரம் டாலர் இழப்பீடும் விதித்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பல அமைப்புகள் எச்சரிக்கையை வெறும் படக் கோப்பாகப் பகிர்கின்றன. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள்.

தமிழில் வரும்போது

ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் சுகாதாரத் தகவல் எளிதல்ல. 2006-இல் ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை நடத்திய ஆய்வில், 15 முதல் 74 வயது வரையுள்ளோரில் 41 சதவீதத்தினருக்கே அதற்குப் போதிய திறன் இருந்தது. சிட்னியின் வெண்ட்வொர்த்வில்லில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மெல்பர்னின் ஃப்ளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளில் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் கொரோனா பரவலால் 2020 ஜூலை 4 அன்று முன்னறிவிப்பின்றி மூடப்பட்டன. உள்ளே ஏறத்தாழ 3,000 பேர், பல மொழிக்காரர்கள். தகவல் தாமதமாக வந்ததால் குடியிருப்பாளர்களும் சமூகக் குழுக்களும் தாங்களே மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். அந்த உடனடி மூடல் மனித உரிமைகளுக்கு முரணானது என்று விக்டோரியாவின் குறைகேள் அதிகாரியான ஆம்புட்ஸ்மன் அந்த டிசம்பரில் அறிவித்தார். மொழிபெயர்ப்பு கடைசியில் ஒட்டும் வேலையாக இருக்கும்வரை இந்த நிலை மாறாது.

தமிழுக்கென்று சில நடைமுறைத் தேவைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் தமிழ் வாக்கியம் அடங்காது. உடனே எழுத்தைச் சுருக்கிவிடுகிறார்கள், முதியவர்களால் படிக்க முடிவதில்லை. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுச் சிதறிப்போகின்றன. தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. யாழ்ப்பாணத்தாரும் சென்னைக்காரரும் ஒரே தாளைப் படிக்கிறார்கள். இருவருக்கும் பழகிய சொற்களையே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்க் குடும்பங்களில் படம் வாட்ஸ்அப் வழியாகத்தான் பயணிக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து கழன்ற படம் மாதக்கணக்கில் சுற்றும். 2021-இல் மேற்கு சிட்னியின் கம்பர்லாந்து, பாரமாட்டா பகுதிகளில் கொரோனா பொதுமுடக்க விதிகள் அடிக்கடி மாறியபோது, பழைய படம் புதிய படத்தோடு சேர்ந்தே கைபேசியில் கிடந்தது. தேதியும் வெளியிட்ட துறையின் பெயரும் படத்துக்குள்ளேயே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை எண்ணும் அதே இடத்தில் வேண்டும்.

செய்ய வேண்டியது

மேற்கண்ட அனுபவங்களைத் தொகுத்தால் வேலையின் வரிசை தெளிவாகிறது. வாசகர் எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவது முதல் வேலை. அந்த முடிவுக்கு உதவாத எண்ணைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது இரண்டாவது. யாருக்கு என்பதைத் தலைப்பிலேயே சொல்வது, கண் சரியாக ஒப்பிடும் வடிவத்தைத் தேர்வது, நிறத்துக்குத் துணையாகச் சொல் வைப்பது, எழுத்து விளக்கம் தருவது ஆகியவை அதன் பின்னால் வரும். அழகுபடுத்தல் கடைசி.

இறுதியாக ஒரு சோதனை, அதுவும் அச்சுக்குப் போகும் முன். படத்தைப் பத்து வினாடி காட்டிவிட்டு மறைத்து, ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் ஆம் என்பார்கள். கேட்க வேண்டியவர்கள் அலுவலகத்துச் சகாக்கள் அல்லர். அந்த ஆபத்து யாருக்கோ அவர்கள்.

இங்கேதான் நம் பங்கும் வருகிறது. சிட்னி முருகன் கோயில், கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், முதியோர் சங்கங்கள் என்று பல வயதுத் தமிழர்களும் கூடும் இடங்கள் இரு நகரங்களிலும் இருக்கின்றன. சுகாதாரத் துறையும் தீயணைப்புத் துறையும் வரைவு நிலையிலேயே படத்தை அங்கே கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வந்தால் நேரம் ஒதுக்கி, புரியாததைப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முடிந்த தாளை மொழிபெயர்த்துக் கேட்பதைவிட, தாள் உருவாகும்போதே உடனிருப்பதுதான் ஒரு சமூகத்தின் உயிரைக் காக்கும். இடிமழை ஆஸ்துமாப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்குகிறது; அதற்கு முந்தைய குளிர்கால மாதங்களே இந்த வேலைக்கான காலம்.